அயற் கமக்காரருக்கு எடுத்துரைக்கும் வகை

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில், நக்கிள்ஸ் மலைச்சாரலில் அமைந்துள்ளது ஹுன்னஸ்கிரிய. இத்தகைய மலைப்பகுதிகளில் வயல்கள் படிப்படியாக அமைந்தவை. மேல் வயலின் நீரே கீழ் வயலுக்கு இறங்குகின்றது. ஒருவர் தம் வயலை மட்டும் செவ்வையாகப் பேணினாற் போதாது. அயல் வயலிற் கபிலநிறத் தத்தி பெருகுமாயின், அது வரம்பைத் தாண்டி வர நெடுநாட் செல்லாது. ஆகவே அயலவர் காலத்தோடு அறிதலும், அறிந்ததை நம்புதலும் இன்றியமையாதன.

அறிதல் வேறு, நம்புதல் வேறு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 259 கமக்காரர் கலப்பினச் சோளத்தை ஏற்றுக்கொண்ட வரலாற்றை பிரைஸ் ரயன், நீல் குரோஸ் என்னும் இருவர் ஆராய்ந்து 1943 இல் வெளியிட்டனர். அவ்விதையைப் பற்றிப் பலர் முதலிற் கேள்வியுற்றது விற்பனையாளர் வாயிலாக; ஆயினும் பயிரிடத் துணிந்தது பெரும்பாலும் அயலவர் சொல்லைக் கேட்டே. துணிந்தவரும் முதலாண்டிற் சிறு துண்டு நிலத்திலேயே விதைத்துப் பார்த்தனர். இந்த ரயன் என்பவரே பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் சமூகவியற் பேராசிரியராக விளங்கியவர்.

அயலவர் யாவரும் ஒரே வகையினர் அல்லர். கண்டி நாட்டு முதியோரிற் சிலர் வயலின் பரப்பை இன்றும் விதைநெல்லின் அளவாற் கூறுவர். பத்து லாஹ ஒரு பேல. நான்கு பேல ஓர் அமுணம். இவ்வளவு இடத்துக்கிடம் வேறுபடும். அவரிடம் எக்கருக்கு இத்தனை கிலோ யூரியா என்றால், அவர் தலையசைத்துவிட்டுத் தம் கைக்கு வந்தபடியே எறிவார். குறை அவருடையதன்று. அவரது வயலைக் கயிற்றால் ஒருமுறை அளந்து, வேண்டிய உரத்தைத் தராசில் நிறுத்து, அவர் வீட்டுப் பாத்திரத்திலேயே அடையாளமிட்டுக் கொடுத்தல் வேண்டும். மிகையான தழைச்சத்து தத்தி பெருகுவதற்குத் துணைசெய்யுமாதலால் இச்சிரமம் வீண்போகாது.

நாற்று நடும் இடைவெளியை வீட்டுத் தலைவரிடம் திண்ணையிலிருந்து கூறுவதனாற் பயன் சிறிது. நடுபவர் பெரும்பாலும் பெண்கள். முடிச்சிட்ட கயிற்றுடன் வயலுக்குச் சென்று, அவர்கள் முன்னிலையில் ஒரு வரிசை நட்டுக் காட்டுக.

சிங்கள அயலவருக்குத் ‘தத்தி’ என்ற சொல் விளங்காது. ‘கீடேவா’ என்றால் விளங்கும். அச்சொல்லினும் சிறந்தது, அவரை வயலுள் அழைத்துச் சென்று நெற்றூரை விலக்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டினைப் பார்க்கச் செய்தல். மேலிலையை மட்டும் நோக்குபவர் பூச்சியைக் காணார். பயிர் வட்டம் வட்டமாகக் கருகிய பின்னரே அறிவார். காண்பிக்கும்போதே அங்குள்ள சிலந்திகளையும் காட்டுதல் நன்று. அவை தத்தியை உண்பவை என்று அறிந்தவர், கண்டவுடன் நாசினி தெளிக்க விரையமாட்டார்.

விவசாயப் போதனாசிரியரிடம் முறையிடுகையில் பேச்சு வேறாதல் வேண்டும். ‘பயிர் மஞ்சளாகிறது’ என்பது அவருக்குப் போதாது. நெல்லினம், நட்ட நாள், இட்ட உரம், நோய் தொடங்கிய மூலை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, வேரோடு பிடுங்கிய இரண்டு தூர்களையும் ஈரத்துணியிற் சுற்றிக் கொண்டு செல்லுக. திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசிச் சேவையை அழைப்போரும் இவ்விவரங்களை முன்னரே எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும். தொலைபேசியில் தூரைக் காட்ட இயலாது.