கைப்பேசியில் செயலி ஏற்றும் முன் கவனிக்க வேண்டியவை

1960-களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் தஞ்சை மாவட்டத்தில் பரவியபோது, விவசாயிகள் அதனை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். வானொலியில் கேட்டுப் பயிரிட்டதால் வந்த பெயர் அது. வானொலிப் பெட்டி தகவலைச் சொல்லிற்று. கேட்பவரின் ஆதார் எண்ணையோ வங்கிக் கணக்கையோ கேட்கவில்லை. இன்று அதே வேலையைச் செய்ய வந்துள்ள கைப்பேசி, சொல்வதோடு நில்லாமல் நம்மிடமிருந்தும் பல விவரங்களை வாங்கிக்கொள்கிறது. மயிலாடுதுறை மாவட்டக் கிராமங்களுக்குச் செல்லும்போது பூச்சி, நோய் பற்றிய கேள்விகளுக்கு அடுத்தபடியாகக் கைப்பேசித் தொல்லைகளைப் பற்றியே பலரும் கேட்கின்றனர். ஆகவே அதனையும் ஒரு பண்ணைக் கருவியாகக் கருதி இங்கு விளக்க வேண்டியுள்ளது.

குத்தாலம் பக்கத்து விவசாயி ஒருவருக்கு, அவருடைய தங்கை மகன் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. 'பி.எம். கிசான்' என்று பெயர். பிரதமர் படம் வேறு. தவணைப் பணம் வராமல் இருந்த நேரம். தொட்டவுடன், குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்துவிட்டார். அறுவடை இயந்திர வாடகைக்கென வங்கியில் வைத்திருந்த பணம் மாலைக்குள் போய்விட்டது. அவர் எண்ணிலிருந்து ஊர்க் குழுக்களுக்கெல்லாம் அதே கோப்பும் போய்ச் சேர்ந்துவிட்டது. தங்கை மகனும் இதேபோல் ஏமாந்தவர்தான். அவர் எதையும் அனுப்பவில்லை. அவர் கைப்பேசிக்குள் புகுந்த செயலியே அனுப்பியிருக்கிறது. 'தெரிந்தவர் அனுப்பியது' என்ற நம்பிக்கையே இந்த மோசடிக்கு உரம். இவ்வகை மோசடி பற்றித் தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவு 2024-ஆம் ஆண்டிலேயே எச்சரித்துள்ளது.

இது நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ளுதல் அவசியம். வங்கியிலிருந்து பணம் எடுக்க முயலும்போது, கணக்குடையவரின் கைப்பேசிக்கு ஓ.டி.பி. என்னும் ஒருமுறை எண் வரும். அந்த எண்ணைக் கேட்டுப் பெறுவது பழைய முறை. குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதியைப் பெற்றுவிட்டால் கேட்கவே வேண்டியதில்லை. எண் வந்த நொடியில் செயலியே அதை மோசக்காரனுக்கு அனுப்பிவிடும். மடையை நாமே திறந்து வைத்த கதைதான்.

பி.எம். கிசான் திட்டம் 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக வழங்கப்படுகிறது. இதற்கான இ-கே.ஒய்.சி. சரிபார்ப்பை அரசு இணையதளத்தில் ஓ.டி.பி. மூலமாகவோ, பொதுச் சேவை மையத்தில் விரல் ரேகை மூலமாகவோ, 2023-ஆம் ஆண்டு முதல் அரசுச் செயலியில் முகத்தைக் காட்டியோ செய்யலாம். எந்த முறைக்கும் வாட்ஸ்அப்பில் கோப்பு வராது. பெயரின் முடிவில் 'ஏ.பி.கே.' என்ற எழுத்துகளுடன் வரும் கோப்பு எதுவாயினும், யார் அனுப்பினாலும், திறக்காமல் நீக்கிவிட வேண்டும். செயலி தேவையெனில் பிளே ஸ்டோரில் தேடி, வெளியிட்டவர் யார் என்பதையும் படித்துப் பார்த்த பிறகே ஏற்றுதல் நலம். பூச்சிமருந்து டப்பாவில் தயாரிப்பாளர் பெயர் பார்ப்பதில்லையா?

தவறிப்போய்த் திறந்துவிட்டவர்கள் முதலில் கைப்பேசியின் இணையத்தை அணைத்து, சிம் அட்டையைக் கழற்றிவிட வேண்டும். வேறொரு கைப்பேசியிலிருந்து 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். பணம் பல கணக்குகளுக்கு மாறிச் செல்வதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. எனவே வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள்வரை காத்திருத்தல் கூடாது.

எந்த அனுமதி தேவை?

வானிலைச் செயலி இருப்பிடம் கேட்பது நியாயம். பயிர்நோய் கண்டறியும் செயலிக்குப் படம் எடுக்கும் அனுமதி வேண்டும். இவற்றையும் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்ற அளவில் கொடுத்தால் போதும். ஆனால் மழை சொல்லும் செயலிக்கு நம் தொடர்பு எண்கள் எதற்கு? நெல் விலை சொல்லும் செயலி குறுஞ்செய்தியைப் படிப்பானேன்? இப்படிக் கேட்பதை மறுத்துவிடலாம். மறுத்தால் வேலை செய்ய மாட்டேன் என்னும் செயலியை நீக்கிவிடலாம். ஏற்கெனவே கொடுத்த அனுமதியைச் 'செட்டிங்ஸ்' பகுதியில் திரும்பப் பெறவும் வழியுண்டு.

நடவு நேரத்தில் கைமுதல் இல்லாமல் உடனடிக் கடன் செயலிகளை நாடுவோர் இதில் கூடுதல் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். தொடர்பு எண்களை எடுத்துவைத்துக்கொண்டு, தவணை தவறினால் உறவினருக்கெல்லாம் பேசி அவமானப்படுத்திய செயலிகள் உண்டு. கடன் செயலிகள் தொடர்பு எண்களைப் பார்க்கக் கூடாது என ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்துள்ளது. கேட்கிற செயலியை அதனைக் கொண்டே அடையாளம் காணலாம்.

எண் யாருடையது?

தவணை நின்றுபோனதாகச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஆதாரில் பதிந்த கைப்பேசி எண் யாரிடம் உள்ளது என்பதைத்தான். சிங்கப்பூரில் இருக்கும் மகனுடையது என்பார் ஒருவர். பழைய எண், ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டேன் என்பார் இன்னொருவர். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாட்கள் கழிந்தபின் நிறுவனம் வேறொருவருக்குக் கொடுக்கலாம். அப்போது நம் ஓ.டி.பி. முன்பின் தெரியாதவர் வீட்டில் ஒலிக்கும். ஆகவே நடப்பில் உள்ள சொந்த எண்ணை, ஆதார் சேவை மையத்தில் ஆதாருடனும், வங்கிக்குச் சென்று கணக்குடனும் பதிந்துகொள்ள வேண்டும்.

நாற்றுப் பறித்தும் களை எடுத்தும் ரேகை தேய்ந்த விரல்களை உரக்கடைக் கருவி ஏற்க மறுப்பதும் அன்றாடக் காட்சி. இது அவர்கள் குற்றமன்று. சேறு போகக் கழுவி, ஈரம் துடைத்து, வேறு விரலை வைத்துப் பார்க்கலாம். பி.எம். கிசான் சரிபார்ப்புக்கு இவர்களுக்கு முகம் காட்டும் முறையே ஏற்றது.

படம் பார்த்துச் சொல்லும் மருந்து

இலையைப் படம் எடுத்தால் நோயைச் சொல்லும் செயலிகளை இளைஞர்கள் விரும்புகின்றனர். இவை உதவியாக இருக்கலாம். ஆனால் முழுவதும் நம்புதல் தகாது. நெல் இலை மஞ்சளாவதற்குத் தழைச்சத்துப் பற்றாக்குறையும் காரணமாகலாம்; பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோயும் காரணமாகலாம்; புகையானும் காரணமாகலாம். புகையான் பூச்சி தூரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். நுனி இலையைப் படம் எடுத்தால் அது எப்படித் தெரியும்? செயலியின் சொல்லைக் கேட்டு யூரியா இட்டால் புகையான் மேலும் பெருகும். செயற்கைப் பைரித்ராய்டு மருந்து தெளித்தாலும் அதே கதிதான்.

வயலில் இறங்கி, தூரை விலக்கிப் பார்க்க வேண்டும். தூர்க்கட்டைக்கு ஒரு சிலந்தி இருந்தால் கிளைக்கு 2 புகையான் வரை பொறுக்கலாம். சிலந்தி இல்லையேல் கிளைக்கு 1 என்ற நிலையிலேயே நடவடிக்கை தேவை. முதலில் தண்ணீரை வடித்துவிடுதல் வேண்டும். மருந்து தேவையா என்பதை அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு முடிவு செய்யலாம். அங்கு செல்லும்போது படத்தை மட்டும் கொண்டு போகாமல், பாதித்த தூர் ஒன்றை வேரோடு பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துச் செல்லவும்.