இடையிடையே அழிந்த புற்றரையைத் திருத்துதல்

கமக்காரர்களே, மாடு கட்டும் வளவிலே புல் அழிந்து, இடையிடையே வெறுந்தரை தோன்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இதனைச் சிறு குறையென விட்டுவிடுதல் தகாது. ஐப்பசி மழை வேகமாகப் பெய்யும்பொழுது, புல்லில்லாத இடத்து மேன்மண்ணே முதலிற் கரைந்தோடும். மேன்மண் போனால் மாட்டுத் தீன் குறையும். தீன் குறைந்தால் வயலுக்கும் தோட்டத்துக்கும் வேண்டிய எருவும் குறையும்.

வெறுந்தரையிற் புல்லை மட்டும் கொண்டுவந்து நடுவதாற் பயனில்லை. முன்னைய புல் எதனால் அழிந்ததோ, அதனாலேயே புதிய புல்லும் அழியும். ஆகையால் முதலிற் காரணத்தை அறிதல் வேண்டும்.

காரணத்தை அறிதல்

1. அவ்விடத்தில் 6 அங்குல ஆழக் குழி தோண்டி நீர் நிரப்புக. பல மணி நேரம் நீர் வற்றாது நின்றால், மாடுகள் மிதித்து மண் இறுகியிருத்தல் கூடும்.

2. ஓரத்துப் புல்லை இழுக்கும்பொழுது அது பாய்போலக் கழன்று வந்தால், வேரைத் தின்னும் வண்டுப் புழுக்கள் கீழே இருக்கலாம். மண்ணைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிகளுக்கு இடுக.

3. அடர்ந்த மரநிழலில் அறுகு நிலைக்காது. கொப்புகளைக் கழித்து ஒளி விடுக. இயலாதாயின் அவ்விடத்தைச் சருகால் மூடிவைத்தல் நன்று.

கூட்டெரு

வைக்கோலை எரிக்காதீர்கள். வைக்கோல், கிளிசரிடியா இலை, சாணம் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து, இடையிடையே புரட்டிவருக. ஏறத்தாழ 3 மாதங்களில் அது உக்கிவிடும். ஆகையால் உலர் வலயத்தவர்கள் ஆனி மாதத்திலேயே இவ்வேலையைத் தொடங்குதல் வேண்டும். பச்சைச் சாணத்தை நேரே இடுதல் ஆகாது. அதிலுள்ள களை விதைகளும் முளைத்துவிடும்.

நடுதல்

புரட்டாதியில், மண் சேறாக இல்லாத வேளையில், 4 முதல் 6 அங்குலம் வரை கொத்திப் பொலபொலப்பாக்குக. அரித்த கூட்டெருவை 1 அங்குலக் கனமாகப் பரப்பி மண்ணுடன் கலக்குக. 100 சதுர அடி நிலத்திற்கு ஏறத்தாழ 8 கன அடி கூட்டெரு வேண்டும்.

மழை தொடங்கியவுடன், இரண்டு மூன்று கணுக்களுள்ள அறுகங் கொடித் துண்டுகளை 6 அங்குல இடைவெளியில் நட்டு, நுனி வெளியே தெரிய மண்ணால் மூடி, காலால் அமர்த்துக. மழை தவறினால் நீர் ஊற்றுக.

பாதுகாத்தல்

கொடிகள் ஒன்றோடொன்று கூடி, இழுத்தாலும் கழலாது வேர்பிடிக்கும்வரை மாடுகளை அங்கு விடாதீர்கள். பின்னரும் கட்டுத்தறியை அடிக்கடி இடம் மாற்றுக. அறுகு தோட்டத்துட் புகுந்தாற் பெருங்களையாகும்; ஆதலால் மரக்கறிப் பாத்திகளுக்கும் புற்றரைக்கும் இடையே ஓரடி அகல நிலத்தைக் கொத்தித் துப்புரவாக வைத்திருத்தல் வேண்டும்.

மண்ணைத் திருத்தினால் புல் தானே தழைக்கும்.