நீ யோவாபாக வேண்டாம்

பழவேற்காடு,
லெந்து காலம்.

கர்த்தருக்குள் அன்பான மகனுக்குப் பெரியப்பா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. சபைச் செயலராகி முதல் கணக்கைப் புரட்டும்போதே இப்படி ஒரு பாரம் உன் தலையில் விழும் என்று நான் நினைக்கவில்லை. புருஷனை ஏரியில் பறிகொடுத்த அந்தத் தங்கச்சிக்காக அனுப்பம்பட்டிலும் இங்கே குப்பங்களிலும் கவர் போட்டுச் சேர்த்த பணம் முழுசாக அவள் கைக்குப் போய்ச் சேரவில்லை. பொருளாளரோ உன் அப்பாவுக்கு நெருங்கிய சிநேகிதர், ஞாயிறு பள்ளியில் உனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். வெளியே தெரிந்தால் கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படும், அவர் மெல்ல மெல்லக் கட்டிவிடட்டும், அதுவரை கணக்கை நானே சரிக்கட்டி வைக்கவா என்று கேட்டிருக்கிறாய்.

வேண்டாம், மகனே. அந்தக் கணக்கில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாதே.

தாவீதின் கதையை நீ சின்ன வயதிலிருந்தே கேட்டவன். ஆனால் இரண்டாம் சாமுவேல் 11ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை, அவன் படைத்தலைவன் யோவாபைக் கவனித்து வாசி. உரியாவின் மனைவி பத்சேபாள் தன்னால் கர்ப்பவதியானதும் ராஜா முதலில் செய்தது என்ன? உரியாவைப் போர்க்களத்திலிருந்து கூப்பிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னான். அவன் போகாமல் அரண்மனை வாசலிலேயே படுத்துக்கொண்டான். மறுநாள் குடிக்க வைத்துப் பார்த்தான், அதுவும் நடக்கவில்லை. அப்புறம்தான் அந்தக் கடிதம். உரியாவைச் சாகவிடும்படி எழுதி, அதை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினான். யோவாப் படித்தான், ஏன் என்று கேட்கவில்லை, சொன்னபடி செய்தான். அன்றைக்கு ரப்பா பட்டணத்து அலங்கத்தின் கீழ் உரியா மட்டும் சாகவில்லை, அவனோடு வேறு சேவகரும் விழுந்தார்கள். அவர்களுடைய பெயர்கூட எழுதப்படவில்லை. ஒரு இரவின் பாவத்தை மறைக்க எத்தனை வீட்டில் இழவு விழுந்தது பார். மறைக்கிறவன் தனியாக மறைப்பதில்லை, பக்கத்தில் ஒரு யோவாபைத் தேடுவான். இப்போது அந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருக்கிறது.

நாமம் தூஷிக்கப்படும் என்கிறாய். 12ஆம் அதிகாரத்தில் நாத்தான் தீர்க்கதரிசியும் தாவீதிடம் அதைத்தான் சொல்கிறான். ஆனால் சத்துருக்கள் தூஷிக்க இடம் உண்டாக்கியது தாவீது செய்த காரியம் என்கிறான், அது வெளியே வந்ததை அவன் குற்றம் சொல்லவில்லை. இன்னொன்றையும் பார். நாளாகமம் எழுதியவர் ரப்பா முற்றிகையைச் சொல்லும்போது பத்சேபாள் காரியத்தை எழுதாமல் கடந்து போய்விடுகிறார். சாமுவேலின் புத்தகமோ முழுதும் சொல்கிறது. சாம்பல் புதன்கிழமை நாம் வாசிக்கிற 51ஆம் சங்கீதத்தின் தலைப்பிலேயே நாத்தான் வந்ததும் எதற்காக வந்தான் என்பதும் இருக்கிறது. மத்தேயு, ஆண்டவருடைய வம்ச வரலாற்றில்கூட பத்சேபாளைப் பெயர் சொல்லாமல் உரியாவின் மனைவி என்றே எழுதினார். தம் குமாரனுடைய வம்சத்திலேயே இதை மறைக்காத தேவனுடைய பெயரை, அனுப்பம்பட்டில் ஒரு ரசீதை மறைத்துத்தான் நாம் காப்பாற்ற வேண்டுமா?

மறைத்தது மறைந்தே இருப்பதுமில்லை. இங்கே டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்துக்கு உன்னைக் கூட்டிப்போயிருக்கிறேன். பெயரும் பதவியும் ஆண்டும் எவ்வளவு அழகாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்! 1613இல் கோட்டை கட்டி, ஜெபமும் ஆராதனையுமாக இருந்த அதே டச்சுக் கம்பெனிதான் இந்தக் கரையிலிருந்து ஏழை ஜனங்களை அடிமைகளாக விலைக்கு வாங்கிப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றியது. விற்கப்பட்டவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் கல்லறை இல்லை. ஆனாலும் அந்த வியாபாரம் நமக்குத் தெரிந்துதானே இருக்கிறது.

அவ்வளவு தூரம் ஏன்? ரவி சகரியாஸ் 1946இல் நம் சென்னையில் பிறந்தவர். உலகமெங்கும் போய் விசுவாசத்துக்காக வாதாடியவர், அவர் பேச்சைக் கேட்டு எத்தனையோ வாலிபர் விசுவாசத்தில் நிலைத்தார்கள். 2017இல் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண் அவர்மேல் புகார் சொன்னபோது அவர் மறுத்தார், அந்தப் பெண் மேலேயே வழக்குப் போட்டார். கடைசியில் வெளியே பேசக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு அது முடிந்தது. அவருடைய ஊழிய நிறுவனம் அவரை நம்பியது. 2020 மே மாதம் அவர் இறந்தபோது உலகமே புகழ்ந்தது. 2021 பிப்ரவரியில், நிறுவனமே நியமித்த வழக்கறிஞர்களின் அறிக்கை வந்தது. மசாஜ் செய்யும் வேலையிலிருந்த பல பெண்களிடம் அவர் ஆண்டுக்கணக்கில் தவறாக நடந்திருந்தார். அந்தக் கனடாப் பெண்ணை நம்பாமல் போனோம் என்று நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எனக்கு இதில் பெரிய துக்கம் என்னவென்றால், 2017இல் யாராவது ஒருவர் அவருக்கு நாத்தானாக இருந்திருந்தால் மனந்திரும்ப அவருக்குக் காலம் இருந்தது. சுற்றி நின்றவர்கள் அவர் பெயரைக் காத்தார்கள், அவரைக் காக்கவில்லை. அந்தப் பெண்ணையும் காக்கவில்லை.

ஆகவே பொருளாளரிடம் நீ போ. மத்தேயு 18இல் ஆண்டவர் சொன்ன முறைப்படி முதலில் தனியாகப் போ. நாத்தானும் ராஜாவின் முகத்துக்கு நேரே போய்த்தான் பேசினான். கடைத்தெருவில் நின்று பேசவில்லை. அவர் கேட்காவிட்டால் இரண்டு மூப்பரோடு போ, அப்புறம் சபை. ஒன்று மட்டும் மறக்காதே. தனியாகப் போகிற இந்த முறை பணக் காரியத்துக்குத்தான். நாளைக்கு ஒரு பெண்ணின் மேலோ பிள்ளையின் மேலோ யாராவது கை வைத்தார் என்று உன் காதில் விழுந்தால், தனியாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்காதே. பாதிக்கப்பட்ட பெண்ணின் பக்கம் நின்று அவள் புகார் கொடுக்க உதவு. பிள்ளை என்றால் அன்றே காவல் நிலையத்துக்குப் போ. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

அவர் அழுவார் என்று நினைக்கிறேன், நல்ல மனுஷன்தான். அந்த அழுகையோடு காரியம் முடிந்தது என்று எழுந்து வந்துவிடாதே. எண்ணாகமம் 5இல், குற்றத்தை அறிக்கையிட்டவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தானோ அவருக்கே கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆயக்காரன் சகேயு, அநியாயமாக வாங்கியதற்கு நாலத்தனை கொடுக்கிறேன் என்று எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று சொன்னான். மீட்பு அவன் வீட்டுக்குள் வந்த நாளிலேயே பணமும் வீட்டைவிட்டு வெளியே போயிற்று. இவரும் அந்தத் தங்கச்சியின் வாசலுக்குப் போகட்டும், அவளிடம் சொல்லட்டும். சபையிலும் கணக்கு வாசிக்கப்படட்டும். கோட்டைக்குப்பத்திலும் ஆண்டிக்குப்பத்திலும் பாடு பிரிக்கும்போது, ஏரியில் மீன்பிடிக்க யாருக்கு எந்த இடம் என்று எல்லார் கண்முன்னும் சீட்டுப் போட்டுத்தானே முடிவாகிறது? ஏரியின் மீனுக்கு இருக்கிற வெளிச்சம் விதவையின் பணத்துக்கும் இருக்கட்டும்.

அதற்குப் பிறகு அவரை யாரும் ஒதுக்க விடாதே. இதை நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். பேதுரு மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் பக்கத்தில், திபேரியாக் கடற்கரையில் ஆண்டவர் அவனை மறுபடி அழைத்ததும் கரிநெருப்பு எரிந்த இடத்தில். அப்போது மற்ற சீஷர் ஆறு பேரும் கூட இருந்தார்கள். முதலில் மீனும் அப்பமும் கொடுத்தார், கேள்வி அப்புறம்தான் வந்தது. பொருளாளர் வீட்டு அம்மாவையும் பிள்ளைகளையும் ஊர் வாய் சும்மா விடாது. அந்த வாரமே நீயும் உன் சம்சாரமும் அவர்கள் வீட்டில் போய்ச் சாப்பிடுங்கள். மன்னிப்பை உடனே கொடு. கணக்குப் புத்தகத்தை மட்டும் வேறொருவரிடம் கொடு. அவர் பாட்டுச் சொல்லிக்கொடுக்கட்டும், பணப்பையை மறுபடி அவர் தூக்க வேண்டாம்.

ரசீதுகளுக்கெல்லாம் நகல் எடுத்து வை. மூப்பரோடு போகும் நிலை வந்தால், போதகரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடு. துணைக்கு ஒரு மூப்பர் தேவைப்பட்டால் எனக்குச் சொல்லி அனுப்பு, காலையிலேயே பொன்னேரி பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

உன் பெரியப்பா