குக்கீயைப் பார்த்து வழி பிரித்தல்

ஒரு தளத்தின் புதிய பதிப்பைப் பொதுஜனம் முழுவதற்கும் ஒரே நாளில் திறந்துவிடாமல், பரீட்சார்த்தமாகச் சிலருக்கு மட்டும் காட்டிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, முகவரியை மாற்றாமலே அதைச் சாதித்துத் தருவது, பிரவுசர் ஒவ்வொரு கோரிக்கையோடும் ஏந்திவரும் குக்கீ என்னும் சிறு சீட்டு. முன்பு வந்தவரே மறுபடியும் வந்திருக்கிறார் என்று சர்வர் அறிந்துகொள்ளும் பொருட்டு, 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுலி இதை உண்டாக்கினார்; அந்தக் குணமே வழி பிரிக்கவும் உதவுகிறது. இகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் சர்வரில் இதைச் செய்யும் முறை பின்வருமாறு.

முதற்காரியமாக, கான்ஃபிக் கோப்பின் எச்டிடிபி பகுதியில், பழைய பதிப்புக்கு ஒன்றும் புதியதற்கு ஒன்றுமாக இரண்டு அப்ஸ்ட்ரீம்களை எழுதி, ஒன்றில் 8001 போர்ட்டையும் மற்றதில் 8002ஐயும் குறித்துவிட வேண்டும். அடுத்தது குக்கீக்குப் பெயரிடுதல். குக்கீயின் மதிப்பை என்ஜின்எக்ஸ் ஒரு மாறியின் வழியாகவே தருவதாலும், அந்த மாறியின் பெயரில் எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றைத் தவிர வேறெதற்கும் இடமில்லாமையாலும், நடுவே சிறுகோடு போட்ட பெயரைத் தவிர்ப்பதே உசிதம்.

மூன்றாவதாக, அதே எச்டிடிபி பகுதியில், சர்வர் பிளாக்குக்கு வெளியே, மேப் ஒன்றை அமைத்து, இடப்பக்கம் குக்கீயின் மதிப்பையும் வலப்பக்கம் அதற்குரிய அப்ஸ்ட்ரீமின் பெயரையும் எழுதுக. குக்கீ இல்லாமல் வருகிறவர்களும் அறியாத மதிப்போடு வருகிறவர்களும் பழைய பதிப்புக்கே போகும்படி டிஃபால்ட் வரியைச் சேர்ப்பது அவசியம். மேப்பை விட்டுவிட்டு, குக்கீயில் உள்ளதையே நேராக ப்ராக்ஸி பாஸ் வரியில் பொருத்திவிட்டால் வேலை மிச்சம் என்று சிலருக்குத் தோன்றக்கூடும். இதைவிட விபரீதமான சிக்கனம் வேறில்லை. குக்கீ வருகிறவர் கையில் இருப்பது, அதை அவர் இஷ்டம்போல் திருத்தலாம், திருத்தி உங்கள் உள் வலையில் யாரும் எட்டக்கூடாத ஓர் இயந்திரத்தின் பெயரையே அதில் எழுதியனுப்பலாம். நீங்கள் எழுதிவைத்த பட்டியலுக்குள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் உரிமை மட்டுமே குக்கீக்கு உண்டு. அதே காரணத்தால், அனுமதி பெற்றவர்க்கு மட்டுமே உரிய பக்கங்களை இந்த முறையால் காக்க முற்படுவதும் கூடாது.

பிறகு லொகேஷனுக்குள் ப்ராக்ஸி பாஸ் வரியில் மேப் தந்த மாறியை வைத்து, அதன்பின் சாய்கோடு கூடப் போடாமல் முடித்துவிடுக. போட்டால், வந்த கோரிக்கையின் பாதை மறைந்து, எல்லாரும் முகப்பிலேயே போய் நிற்பார்கள். லொகேஷனுக்குள் 'இஃப்' எழுதிப் பிரிப்பதும் உண்டு. ஆனால் அங்கே அது எதிர்பாராத வகையில் நடந்துகொள்வது பிரசித்தம்.

குக்கீயை வழங்கும் பொறுப்பைப் பயன்பாட்டிடமே விடலாம். அப்போது குக்கீயின் பாத் என்பதற்குச் சாய்கோட்டை மட்டும் மதிப்பாகக் கொடுக்கத் தவறினால், குக்கீ வழங்கப்பட்ட பக்கத்தின் கிளைக்குள் மட்டுமே செல்லுபடியாகும்.

கோப்பைச் சோதித்து ரீலோடு செய்தபின், கர்ல் கருவியால் குக்கீயோடு ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் கோரிக்கை அனுப்பி, இரண்டு பதில்களும் வேறுபடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். முன்னால் சிடிஎன் இருக்குமாயின், அதன் கேஷ் குக்கீயைக் கருதாமல் ஒருவருக்குரிய பக்கத்தை மற்றொருவருக்குக் கொடுத்துவிடக்கூடுமாதலால், அந்தப் பக்கங்களைக் கேஷிலிருந்து விலக்குவது நல்லது. புதிய பதிப்பில் கோளாறு தென்பட்டால், மேப்பில் அதற்குரிய வரியைப் பழைய அப்ஸ்ட்ரீமுக்குத் திருப்பி மறுபடி ரீலோடு செய்தால் போதும். பிரவுசர்களில் தங்கிவிட்ட குக்கீகளைத் தேடி அழிக்க வேண்டியதில்லை.