சகுனி பகடைக்குள் இல்லை

பௌர்ணமி இரவு. அடி அண்ணாமலை மாணிக்கவாசகர் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை. கிரிவலத்தில் பாதி நடந்தவர்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஓர் இளைஞர் பக்கத்தில் இருந்தவருக்குப் போக்கர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்: "சீட்டை கம்ப்யூட்டர் கலைக்குதுண்ணா. மனுஷன் கையே படாது. ஏமாத்த ஏது இடம்?"

கம்ப்யூட்டரும் சறுக்கியிருக்கிறது. 52 சீட்டுகளை அடுக்கும் வழிகளின் எண்ணிக்கை 68 இலக்க எண். 1999இல் ஒரு தளத்தின் கலைப்பு முறையை அமெரிக்க மென்பொருள் நிபுணர்கள் சிலர் ஆராய்ந்தார்கள். அது நள்ளிரவிலிருந்து கழிந்த மில்லிவினாடியைப் பிடித்துக்கொண்டு கலைத்தது. ஆக மொத்தம் சுமார் 8.64 கோடி அடுக்குகள்தான். ஐந்து சீட்டு தெரிந்தால் மிச்சத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது.

ஆனால் அந்த ஓட்டையை அடைத்துவிடலாம். பெரிய மோசடிகள் வேறு வழியாக வந்தன. சகுனியின் பகடை அவன் தகப்பன் எலும்பில் செய்தது என்று இந்தப் பக்கத்துக் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் சொல்வார்கள். வியாசரிடம் அந்தக் கதை கிடையாது. நாமோ இன்னும் பகடையையே புரட்டிப் புரட்டிப் பார்க்கிறோம்.

2007இல் 'அப்சல்யூட் போக்கர்' தளத்தில் ஆயிரம் டாலர் நுழைவுக் கட்டணப் போட்டி. 'பாட்ரிப்பர்' என்ற பெயரில் ஆடியவர், கையில் பத்தைவிடப் பெரிய சீட்டே இல்லாமல் கடைசிப் பெரும் பந்தயத்தை ஏற்று ஜெயித்தார். எதிராளியிடம் அதைவிட மட்டமான சீட்டு! தோற்றவர் ஆட்ட விவரம் கேட்டார். தளம் அனுப்பிய கோப்பில் எல்லோருடைய கைச்சீட்டும் இருந்தது. அதை அலசியபோதுதான் விஷயம் வெளிவந்தது: தளத்தின் உள்ளிருந்தே ஒரு கணக்கு எல்லாச் சீட்டையும் பார்த்துக்கொண்டிருந்தது. கலைப்பில் ஒரு குறையும் இல்லை.

"நண்பனுக்கு விட்டுக்கொடுத்தா யாருக்கு நஷ்டம்?" இது இன்னொரு நம்பிக்கை, கேட்க நல்லெண்ணமாகவே இருக்கும். போட்டியில் பரிசுப் பணம் முன்கூட்டியே இடவாரியாகப் பிரிக்கப்பட்டது. தோற்கவேண்டிய நண்பன் நீங்கள் வேண்டுமென்றே சீட்டைப் போட்டு ஒதுங்கியதால் தப்பித்தால், அவனுக்குப் பதில் மூன்றாவது ஆள் வெளியேறுவான். கட்டணம் கட்டியவன் அவன். நீங்கள் இருவரும் கூட்டு என்று அவனுக்குத் தெரியாது. ஒருவரே இரண்டு கணக்கு வைத்து ஆடுவதும், தானாகவே ஆடும் 'பாட்' மென்பொருளை உட்காரவைப்பதும் இதே ரகம்.

"கோர்ட்டே திறமை விளையாட்டுன்னு சொல்லிருச்சே!" சொன்னது உண்மை. 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அப்படி ஏற்று, தமிழகச் சட்டத்தின் தடைப் பட்டியலிலிருந்து அவற்றை நீக்கியது. அது ஆட்டத்தின் இயல்பைப் பற்றிய தீர்ப்பு. திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கான நற்சான்றிதழ் அல்ல. மேலும், 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடைசெய்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை.

இளைஞரிடம் இதைச் சொன்னேன். "ஆப்பெல்லாம் மூடிட்டாங்கண்ணா, இப்போ டெலிகிராம்ல வெளிநாட்டு லிங்க் வருது" என்றார். அங்கே தோற்றால் ஆட்ட விவரத்தை யாரிடம் கேட்பீர்கள் என்றேன். டீ கிளாஸை வைத்துவிட்டு, "கேட்டா அக்கவுண்டை பிளாக் பண்ணிடுவான்" என்று சிரித்தார்.