மூன்று எழுத்தும் இரண்டு அர்த்தமும்



பிள்ளைகளின் பாடத்தில் புத்தி சொல்லப் போய் அகப்பட்டுக்கொண்ட ஒருவரின் கதையோடு இப்பாடத்தை ஆரம்பிக்கிறேன். அகப்பட்டவன் நான்தான்.

என் பேரன் சமய வகுப்பிலிருந்து ஜாவி எழுத்துப் பயிற்சித் தாள் ஒன்று கொண்டு வந்தான். அதிலே மீம், அலிஃப், தே என்னும் மூன்றெழுத்துச் சொல் ஒன்று. ஊரில் ஓதிய பழக்கத்தில், "மாத்த. இறந்தான் என்று எழுது" என்றேன். பிள்ளையும் நம்பி எழுதிற்று. மறுநாள் தாள் சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தது. அது மலாய்ச் சொல்லாகிய "மாத்தா", அதாவது கண்! இந்நாட்டில் இத்தனை காலம் வாழ்ந்த எனக்கு மாத்தா தெரியாததன்று. அரபு எழுத்தைக் கண்டதும் அரபு மொழி என்றே மனம் நம்பிவிட்டது.

காரணம் இதுதான். குர்ஆனில் ஜபர், ஜேர் முதலிய குறிகள் இருக்கின்றன. ஜாவியில் அவை இல்லை. இச்சொல்லின் கடைசி ஆகாரத்துக்கு அலிஃபும் எழுதுவதில்லை. ஆகவே குறியில்லாத அரபு "மாத்த"வும் மலாய் "மாத்தா"வும் கண்ணுக்கு அச்சாக ஒன்றே.

இனி ஒரு படி மேலே போவோம். மலாயில் "மாத்தி" என்றால் இறத்தல். நம்முடைய மவுத்து, மையித்து என்பவற்றிலிருந்து வந்ததுதானே என்று பலர் அடித்துப் பேசுவர், நானும் பேசியிருக்கிறேன். அது பிழை. நியூஸிலாந்தின் மாவோரி மக்கள் இறப்பை "மாத்தெ" என்றும், ஹவாய்த் தீவார் "மாக்கெ" என்றும் சொல்கின்றனர். கண்ணுக்கும் அவர்களிடம் "மாத்தா", "மாக்கா" என்ற சொற்கள் உண்டு. மலாயும் அவையும் ஒரு தாய்மொழியின் மக்கள். அரபுச் சொல்லின் வேரோ மீம், வாவ், தே என்பது. "மவுத்து" என்னும்போது அந்த வாவ் தலை காட்டும். மலாய்ச் சொல்லில் அதற்கு இடமே இல்லை.

மலாயில் கயிற்றுக்குத் "தாலி" என்று பெயர். நம் தாலிக் கயிற்றை நினைத்து இரண்டும் ஒன்றெனத் தோன்றும். ஆனால் பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் கட்டுகிற கயிறு "தாலி"தான். அது அக்குடும்பத்துச் சொந்தச் சொல்.

இதற்காக எல்லாவற்றையும் சந்தேகிக்கவும் வேண்டாம். "கெடாய்" நம் கடையே, "காப்பால்" கப்பல், "லெபாய்" நம் லெப்பை. "கோலம்" என்று மலாய்க்காரர் சொல்வது குளத்தை. வாசலில் இடும் கோலத்தை அன்று. அதுவும் தமிழ் கொடுத்ததே.

நம் லாபுவுக்கு வருவோம். மலாயில் லாபு என்றால் சுரை, பூசணி வகைக் காய். லாபு ரயில் நிலையத்தில் பெயர்ப்பலகையைப் பார்த்து லாபத்தை நினைக்கிறவர் உண்டு. வடமொழி லாபத்துக்கும் இதற்கும் ஒட்டில்லை. ஆனால் அதே வடமொழியில் சுரைக்காய்க்கு "அலாபு" என்று பெயர்! இவ்விரண்டும் உறவு என்றே சொல்லாராய்வோர் பலர் கருதுகின்றனர். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பதில்தான் அவர்களுக்குள் வழக்கு.