பள்ளி வைத்தியரின் சீட்டும் பெற்றோரின் கடமையும்



யாயீர் என்பவருடைய பன்னிரண்டு வயது மகளை நம் ஆண்டவர் உயிர்ப்பித்த வரலாற்றை அறிவீர்கள். அர்ச். மாற்கு எழுதின சுவிசேஷம் 5-ம் அதிகாரத்தின் முடிவில் ஒரு சிறு விஷயம் காணப்படுகிறது. பிள்ளை எழுந்து நடந்தாள். எல்லாரும் திகைத்து நின்றார்கள். அப்போது ஆண்டவர் அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி சொன்னார். மரித்தவளை எழுப்பினவருக்கு அவள் பசியை ஆற்றுவது ஒரு பெரிய காரியமா? ஆயினும் அதை வீட்டாருடைய கையிலேயே விட்டார். பிறர் எவ்வளவு செய்தாலும் பெற்றோர் செய்ய வேண்டிய பங்கு ஒன்று மீதியிருக்கும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

ஆரம்பப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்காகப் பிறர் செய்வது கொஞ்சமல்ல. நம் தமிழ்நாட்டில் 1982-ம் ஆண்டு சத்துணவுத் திட்டம் வந்தது. 2022-ல் அரசுப் பள்ளிகளில் 1 முதல் 5 வகுப்புவரை காலை உணவு தொடங்கியது. 2024-ல் கிராமங்களிலுள்ள உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025-ல் நகரங்களிலுள்ள உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிவடைந்தது. இவற்றில் நம் திருச்சபையின் பள்ளிகளும் பல உண்டு.

இதன்றி, பிறப்பு முதல் 18 வயதுவரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013-ல் ஒரு தேசியத் திட்டம் ஏற்பட்டது. அதன்படி வைத்தியர், தாதி முதலியோர் அடங்கிய குழு அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. பிறவிக் குறை, நோய், சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் என்ற நான்கையும் கவனிக்கிறார்கள். குறை தென்பட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள்.

அந்தச் சீட்டு எங்கே போகிறது? பல வீடுகளில் புத்தகப் பையின் அடியிலேயே கசங்கிக் கிடக்கிறது. "ஒரு நாள் கூலி போய்விடுமே" என்கிறார் தகப்பனார். "பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்கு யார் கட்டுவார்கள்?" என்கிறாள் தாய். "மாறுகண் அதிர்ஷ்டம்" என்கிறாள் பாட்டி. இதற்கிடையில் பிள்ளையின் காலம் கடந்துபோகிறது.

காலம் கடப்பதால் வரும் கேட்டைக் கவனியுங்கள்.

கண்: மாறுகண் உள்ள பிள்ளையின் மூளை, விலகிய கண்ணில் தெரிவதைத் தள்ளிவிடப் பழகிக்கொள்கிறது. நாளாவட்டத்தில் அந்தக் கண்ணின் பார்வை மங்குகிறது. சிறு வயதில் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் சீர்படும். வளர்ந்தபின் மிகக் கடினம். கரும்பலகை தெரியாத பிள்ளையை மந்தம் என்று அடிப்பவர்களும் உண்டு. அது அநியாயமல்லவா?

காது: சீழ் வடியும் காதில் எண்ணெய் விடலாகாது. செவிப்பறையில் துளை இருக்கலாம். கவனியாது விட்டால் கேள்வி குறையும். காது கேளாத பிள்ளையே கீழ்ப்படியாத பிள்ளை என்று பெயர் எடுக்கிறது.

தொண்டை: தொண்டை நோயும் காய்ச்சலும் வந்து போனபின், மூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீங்கினால் அசட்டை செய்யாதீர்கள். அது இருதய வால்வுகளைக் கெடுக்கும் வாதக் காய்ச்சலாயிருக்கலாம். வைத்தியர் சொல்லும் பெனிசிலின் ஊசியை நாள் தவறாமல் பல ஆண்டுகள் போட்டுக்கொண்டால் மேலும் கெடாமல் காக்கலாம்.

இரத்தச் சோகை: குடற்புழு நீக்கும் நாள் 2015 முதல் அனுசரிக்கப்படுகிறது. பள்ளிப் பிள்ளைக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை 400 மில்லிகிராம். அதை மென்று விழுங்க வேண்டும். அன்று காய்ச்சலாயிருக்கும் பிள்ளைக்குப் பிறகு கொடுக்கலாம். ஆரம்பப் பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப்பின் கொடுப்பது நல்லது. அதனால் மலம் கறுத்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பிள்ளை செருப்பின்றி அசுத்த மண்ணில் நடந்தால் கொக்கிப்புழு மறுபடியும் ஏறும். மாத்திரை பள்ளியினுடையது, செருப்பும் சோப்பும் வீட்டினுடையவை.

பேச்சிலோ படிப்பிலோ மிகவும் பின்தங்கும் பிள்ளையும் இந்தப் பரிசோதனைக்கு உட்பட்டதே. அதை மறைத்து வைப்பது மானத்தைக் காப்பதல்ல, பிள்ளையைக் கைவிடுவதாகும்.

ஆகையால், இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் மூன்று காரியம் செய்யுங்கள்.

1. பிள்ளையின் பையைத் திறந்து, வைத்தியர் சீட்டு உண்டா என்று பாருங்கள். இல்லாவிடில், பரிசோதனை நடந்ததா என்று ஆசிரியரை விசாரியுங்கள்.

2. சீட்டு இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக நாள் குறித்து, அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

3. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 5-6 வயதில் ஓர் ஊசியும் 10 வயதில் ஓர் ஊசியும் உண்டு. பலர் இவற்றை மறந்துவிடுகிறார்கள்.

கூலி வேலையை விட்டுப் போக இயலாத தாய்மார் பங்குச் சுவாமியாரிடமோ வின்சென்ட் தே பவுல் சபையாரிடமோ கூச்சமின்றிச் சொல்லுங்கள். அயலாருடைய பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் ஒரு தர்மமே.

இன்றிரவு ஆத்தும சோதனை செய்யும்போது இந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "ஆண்டவர் என் கையில் விட்ட பங்கை நான் செய்தேனா?"